மருத்துவம் படிக்கும் பெண்களுக்கான உதவித்தொகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உதவித்தொகை வாங்கித்தான் நான் மருத்துவம் படித்தேன். இப்போது பதினோரு ஆண்டுகளாக, மருத்துவ மாணவிகளுக்கு உதவும் ஒரு சிறிய அறக்கட்டளையின் தேர்வுக் குழுவில் இருக்கிறேன். விண்ணப்பக் காலம் வந்துவிட்டால் போன் ஓயாது. கேட்பவர்கள் வேறு வேறு, கேள்விகள் மட்டும் அதேதான். போனில் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். எந்த நாட்டில் படித்தாலும் பொருந்துகிற விஷயங்களாகப் பார்த்து எடுத்திருக்கிறேன். தொகை எவ்வளவு, கடைசித் தேதி என்ன என்பதையெல்லாம் அந்தந்த அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. ஸ்காலர்ஷிப், பர்சரி, ஃபெலோஷிப், ஸ்டைபண்ட்... எல்லாம் ஒண்ணுதானே?

பணம் கைக்கு வருகிறது என்ற வகையில் ஒன்றுதான். எதைப் பார்த்துத் தருகிறார்கள் என்பதில் வேறுபடும். ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் மதிப்பெண்ணையும் திறமையையும் பார்த்துத் தருவது. பர்சரி தேவையைப் பார்த்துத் தருவது: வீட்டு வருமானம் என்ன, எத்தனை பேர் படிக்கிறார்கள், கட்டணம் போக என்ன மிஞ்சும் என்று கேட்பார்கள். ஃபெலோஷிப் மேற்படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் வருவது. ஸ்டைபண்ட் பயிற்சிக் காலத்தில் மாதாமாதம் கைச்செலவுக்குத் தருவது.

நிபந்தனையை மீறாத வரை இவை எதையும் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. அந்த "மீறாத வரை" என்பதைப் பற்றி 8ஆம் கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன். அப்புறம், பெயரை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ஸ்காலர்ஷிப் என்று பெயர் வைத்துக்கொண்டு தேவையை மட்டுமே பார்க்கும் திட்டங்களும் உண்டு. "யார் விண்ணப்பிக்கலாம்" என்ற பகுதியைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

2. பொண்ணுங்களுக்குன்னு தனியா எதுக்கு? இப்ப மெடிக்கல் காலேஜ்ல பாதிக்குப் பாதி அவங்கதானே?

நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 2019இல் மருத்துவ மாணவர்களில் பெண்களின் எண்ணிக்கை பாதியைத் தாண்டிவிட்டது. பல நாடுகளில் நிலைமை இதுதான். ஆனால் அதே 2019இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, சுகாதாரத் துறையில் வேலை செய்பவர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பெண்கள் என்றும், உயர்பதவிகளில் இருப்பவர்களில் 25 சதவீதமே பெண்கள் என்றும் சொன்னது. வாசலில் நுழையும்போது இருக்கிற கணக்கு உள்ளே போகப் போக மாறுகிறது. நீண்ட மேற்படிப்பு, பணம் வராத ஆராய்ச்சி ஆண்டுகள், குழந்தை பிறந்தபின் விட்டுப்போகும் பயிற்சி என்று ஒவ்வொரு படியிலும் சிலர் நின்றுவிடுகிறார்கள்.

பழைய கதை ஒன்றும் இருக்கிறது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1869இல் சில பெண்கள் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் எடித் பீச்சி. 1870இல் வேதியியல் தேர்வில், முதன்முறையாக அந்தப் பாடத்தை எடுத்தவர்களில் முதலிடம் பெற்றார். அந்த இடத்துக்கு ஹோப் உதவித்தொகை உண்டு. அதைப் பெறுபவர் ஆய்வகத்தை இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆனால் பெண்களுக்குத் தனி வகுப்பு நடந்ததைக் காரணம் காட்டி, அவருக்குக் கீழே இருந்த ஆண் மாணவருக்குக் கொடுத்தார்கள். அந்த உதவித்தொகையின் மூலதனமே, பேராசிரியர் ஹோப் பல ஆண்டுகளுக்கு முன் பெண்களுக்கு நடத்திய வேதியியல் சொற்பொழிவுகளில் வசூலான பணம்! பெண்களின் காசில் உண்டான உதவித்தொகை ஒரு பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. பொதுவான போட்டியில் பெண் ஜெயித்தாலும் கைக்கு வராத காலம் அது. தனித் திட்டங்கள் ஏன் தேவைப்பட்டன என்பது இதிலிருந்து புரியும்.

3. என் மார்க் சுமார்தான். அப்ளை பண்ணலாமா?

மருத்துவ இடம் கிடைத்துவிட்டதா? அப்படியானால் படிக்கத் தகுதி இருக்கிறது என்று ஒரு கல்லூரி ஏற்கெனவே சொல்லிவிட்டது. பர்சரி தருபவர்கள் மதிப்பெண்ணைப் பார்ப்பது, படிப்பை முடிப்பீர்களா என்று தெரிந்துகொள்ளத்தான். குறைந்தபட்ச மதிப்பெண் என்று அறிவிப்பில் போட்டிருந்து அது உங்களிடம் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். அப்படி எதுவும் போடாவிட்டால் விண்ணப்பியுங்கள். "எனக்கெல்லாம் எங்கே தரப்போகிறார்கள்" என்று தாங்களாகவே விலகிக்கொள்ளும் பெண்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். மறுக்கிற வேலையைக் குழு செய்துகொள்ளட்டும்.

4. ஃபீஸ் மட்டும்தான் தருவாங்களா? மத்த செலவுக்கு என்ன பண்றது?

மூன்று வகை உண்டு. சிலர் கட்டணத்தை நேராகக் கல்லூரிக்கே கட்டிவிடுவார்கள். சிலர் வாழ்க்கைச் செலவுக்கென மாதத் தொகை தருவார்கள். சிலர் ஒரே முறை ஒரு தொகையைக் கொடுத்து உங்கள் விருப்பத்துக்கு விட்டுவிடுவார்கள். என் அனுபவத்தில் படிப்பு நின்றுபோவது பெரும்பாலும் கட்டணத்தால் அல்ல. அதற்கு எப்படியாவது கடன் கிடைத்துவிடுகிறது. தேர்வுக் கட்டணம், புத்தகம், ஸ்டெதஸ்கோப், வேறு மருத்துவமனையில் பயிற்சி போட்டால் அங்கே ஆறு வாரம் தங்கும் செலவு என்று சில்லறை சில்லறையாக வருவதுதான் ஆளைச் சாய்க்கிறது.

போன ஆண்டு ஒரு மாணவி, கட்டம் போட்ட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துச் செலவுக் கணக்கு எழுதி அனுப்பியிருந்தாள். "வெள்ளைக் கோட் 2, ஒன்று துவைத்தால் ஒன்று வேண்டும்" என்று ஒரு வரி. "நைட் டியூட்டி முடிந்து திரும்ப வண்டி, மாதம் 9 நாள்" என்று இன்னொரு வரி. கடைசியில் சானிட்டரி நாப்கின் என்று எழுதிப் பேனாவால் அடித்திருந்தாள். அடித்த கோட்டுக்கு அடியிலும் எழுத்து தெரிந்தது. போன் போட்டு, அந்த வரியைத் திரும்ப எழுதி அனுப்பச் சொன்னேன். பெண்களுக்கென்று வைத்திருக்கிற உதவியில் அதைக் கேட்கக் கூடாது என்றால் வேறு எங்கே கேட்பது? உங்கள் செலவுக் கணக்கையும் அவளைப் போலவே எழுதுங்கள். "இதர செலவுகள்" என்று ஒரே வரியில் ஒரு பெரிய தொகையைப் போட்டால் குழு அதைத்தான் முதலில் வெட்டும். எதற்கு, எத்தனை முறை, எவ்வளவு என்று எழுதினால் வெட்ட மனம் வராது.

5. கடிதத்துல என் கஷ்டத்தை எல்லாம் எழுதணுமா? கூச்சமா இருக்கு.

எல்லாவற்றையும் எழுத வேண்டாம். உங்கள் நிலைமை புரியும் அளவுக்கு எழுதினால் போதும். "அப்பா இல்லை, அம்மா ஒருத்தியின் சம்பளம், அதில் இத்தனை பங்கு வாடகைக்குப் போகிறது" என்ற இரண்டு வரி போதும். அதைத் தாண்டி அழவைக்கிற மாதிரி எழுத வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. குழுவில் இருப்பவர்கள் ஒரே நாளில் அறுபது கடிதம் படிக்கிறோம். யார் அதிகம் கஷ்டப்பட்டார்கள் என்று போட்டி வைக்க எங்களுக்கே பிடிப்பதில்லை.

நான் தேடுவது வேறு. இந்தப் பெண் மருத்துவத்தை எங்கே கிட்டத்தில் பார்த்தாள்? "சிறு வயதிலிருந்தே சேவை செய்ய ஆசை" என்று பாதிக் கடிதங்கள் தொடங்குகின்றன. ஒரு கடிதம் இப்படித் தொடங்கியது: பாட்டிக்கு இன்சுலின் போட அவளுக்குத்தான் வீட்டில் கை நடுங்காதாம், அதனால் பதினான்கு வயதில் அந்த வேலை அவளிடம் வந்ததாம். ஒவ்வொரு நாளும் ஊசி போடும் இடத்தை மாற்ற வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தராமல், தோல் தடித்திருப்பதைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறாள். அந்தக் கடிதத்தை யாரும் மறக்கவில்லை. உங்களிடமும் அப்படி ஒன்று இருக்கும். இல்லாததை மட்டும் கட்டி எழுதாதீர்கள். நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

6. பரிந்துரைக் கடிதம் பெரிய டாக்டர்கிட்ட வாங்கினா வெயிட்டா?

இல்லை. உங்களைத் தெரியாத துறைத் தலைவர் தரும் நான்கு வரியைவிட, உங்களைத் தினமும் பார்த்த ஆய்வக ஆசிரியை எழுதும் ஒரு பக்கம் மேல். கேட்கும்போது உங்கள் விண்ணப்பத்தின் நகலையும் கடைசித் தேதியையும் சேர்த்துக் கொடுங்கள். மூன்று வாரமாவது அவகாசம் கொடுங்கள்.

7. ஏற்கெனவே ஒரு உதவித்தொகை வருது. இன்னொண்ணு வாங்கலாமா?

சில திட்டங்களில் வாங்கலாம், சிலவற்றில் கூடாது. மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு, பலரும் அதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்: மற்ற எல்லா உதவியும் போக மீதமுள்ள இடைவெளியை மட்டும் நிரப்பும் திட்டம். அதில் நீங்கள் இன்னொன்று வாங்கினால், அதே அளவுக்கு இதில் குறைத்துவிடுவார்கள். கையில் வரும் மொத்தம் மாறாது.

எதுவானாலும் மறைக்காதீர்கள். பின்னால் தெரியவந்தால் இரண்டும் போகும், கொடுத்ததையும் திரும்பக் கேட்பார்கள். கட்டணத்துக்கு ஒன்று, வாழ்க்கைச் செலவுக்கு ஒன்று என்று நோக்கம் வேறாக இருந்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டு, வரும் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

8. பாண்டு போடச் சொல்றாங்க. கையெழுத்துப் போடலாமா?

படித்துவிட்டுப் போடுங்கள். பாண்டு என்பது, உதவிக்குப் பதிலாகப் படிப்பு முடிந்ததும் குறிப்பிட்ட காலம் வேலை செய்கிறேன் என்பது போன்ற நிபந்தனைகளுக்கு எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம். அது தன்னளவில் கெட்டது இல்லை. மருத்துவர் இல்லாத இடத்துக்கு மருத்துவர் போக வேண்டும் என்பதற்காகவே பல திட்டங்கள் இருக்கின்றன. கியூபாவில் 1999இல் தொடங்கிய லத்தீன் அமெரிக்க மருத்துவப் பள்ளி, வெளிநாட்டு ஏழை மாணவர்களுக்கு இலவசமாக மருத்துவம் கற்றுத்தந்தது. படித்து முடித்து மருத்துவ வசதி குறைந்த இடங்களில் வேலை செய்ய வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அமெரிக்காவின் தேசிய சுகாதார சேவைப் படையின் ஸ்காலர்ஷிப்பும் இதே வகை. மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் குறைந்தது 2 ஆண்டு வேலை செய்ய வேண்டும். இரண்டும் பெண்களுக்கு மட்டுமானவை அல்ல, ஆனால் பாண்டு எப்படி இருக்கும் என்று புரிந்துகொள்ள நல்ல உதாரணங்கள். அமெரிக்கத் திட்டத்தில் வாக்கை மீறினால், தந்த பணத்தை மட்டும் கேட்டு விடமாட்டார்கள். மூன்று மடங்கும் வட்டியும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

ஆக, கையெழுத்துக்கு முன் நான்கு விஷயம் பாருங்கள். வேலை செய்ய வேண்டிய காலம் எப்போது தொடங்குகிறது, பட்டம் வாங்கிய உடனா, மேற்படிப்புக்குப் பிறகா? இடத்தை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? பிரசவ விடுப்பு அந்தக் காலக்கணக்கில் சேருமா, தள்ளிப்போகுமா? மீறினால் எவ்வளவு, எத்தனை நாளில்? இதில் ஒன்றுக்கு எழுத்தில் பதில் இல்லையென்றாலும் கேட்டு வாங்குங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம்மா" என்று வாயால் சொல்வதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்று அப்படிச் சொல்பவர் ஆறு ஆண்டு கழித்து அந்த நாற்காலியில் இருக்க மாட்டார்.

நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டவள். மூன்றாம் ஆண்டில் டைஃபாய்டு வந்து ஐந்து வாரம் படுத்துவிட்டேன். வருகைப்பதிவு குறைந்தது, ஒரு பருவத்துத் தொகை நின்றது. உடல்நலக் காரணத்தை 14 நாளுக்குள் எழுதிக் கொடுத்தால் நிறுத்த மாட்டார்கள் என்று அதே ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் இருந்தது. நான் அதைப் பார்த்தபோது இருபது நாள் தாண்டியிருந்தது. தந்தவர்கள் ஒரு வார்த்தை நினைவூட்டியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. அந்தப் பருவம் முழுக்க ஒரு தோழியின் புத்தகத்தை இரவு பத்து மணிக்கு மேல் இரவல் வாங்கிப் படித்தேன்.

9. படிக்கும்போது கல்யாணம் ஆனா, குழந்தை பிறந்தா நிறுத்திடுவாங்களா?

திருமணத்துக்காக நிறுத்தும் திட்டத்தை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் வருமானக் கணக்கு மாறலாம். பெற்றோர் வருமானத்துக்குப் பதிலாகக் கணவர் வருமானத்தைப் பார்ப்பவர்கள் உண்டு. மாற்றத்தை நீங்களே முதலில் தெரிவித்துவிடுவது நல்லது.

குழந்தை விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. பெண்களுக்கென்றே தொடங்கிய திட்டங்களில்கூடப் பிரசவத்துக்கு ஒரு வரி இல்லாமல் இருக்கிறது. "தொடர்ச்சியாகப் படிக்க வேண்டும்" என்று மட்டும் போட்டிருப்பார்கள். எங்கள் விதியிலும் அப்படித்தான் இருந்தது. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி எட்டாம் மாதம் வரை யாரிடமும் சொல்லாமல் வார்டுக்குப் போய்வந்தாள் என்று தெரிந்த பிறகு மாற்றினோம். இப்போது ஓராண்டு வரை நிறுத்திவைத்துத் தொடரலாம், காரணம் கேட்க மாட்டோம். உங்கள் திட்டத்தில் அந்த வரி இல்லாவிட்டால், சேரும்போதே எழுத்தில் கேளுங்கள். தேவைப்படும் நேரத்தில் கேட்பதைவிட அது எளிது.

10. ஒரு பேப்பர்ல ஃபெயில் ஆயிட்டேன். போச்சா?

பெரும்பாலும் இல்லை. பல இடங்களில் மறுதேர்வு வரை காத்திருப்பார்கள், அல்லது ஒரு பருவம் எச்சரிக்கையில் வைப்பார்கள். முடிவு வந்த அன்றே, அவர்கள் கேட்கும் முன் நீங்கள் எழுதுங்கள்: என்ன நடந்தது, மறுதேர்வு எப்போது, என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள். 8ஆம் பதிலில் சொன்ன என் தப்பிலும் இது உண்டு, பேசாமல் இருந்தது.

11. எனக்கு 34 வயசு, ரெண்டு குழந்தைங்க. இனிமே யார் தருவா?

வயது வரம்பு உள்ள திட்டங்கள் இருக்கின்றன, அவற்றைத் தள்ளிவிடுங்கள். தலைகீழாக, இளையவர்களை வேண்டாம் என்கிற திட்டங்களும் உண்டு. வளரும் நாடுகளின் பெண்களுக்கு உதவும் மார்கரெட் மெக்னமாரா கல்வி நிதிக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது 25 வயது ஆகியிருக்க வேண்டும். படிப்பை விட்டுத் திரும்ப வருபவர்களை மனதில் வைத்து உருவானவை இப்படி இன்னும் இருக்கின்றன. செலவுக் கணக்கில் குழந்தைப் பராமரிப்பைத் தனி வரியாகப் போடுங்கள். அதை எழுத மறந்தவர்களே அதிகம்.

12. வெளிநாட்டுல படிக்க பெண்களுக்கு ஏதாவது இருக்கா?

இருக்கிறது, பழமையானவையும் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் சங்கம் 1917இலேயே வெளிநாட்டுப் பெண்களுக்கான ஃபெலோஷிப்பைத் தொடங்கியது. பி.இ.ஓ. என்ற பெண்கள் அமைப்பின் சர்வதேச அமைதி ஸ்காலர்ஷிப் 1949இல் ஏற்பட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பட்ட மேற்படிப்புக்கு வரும் பிற நாட்டுப் பெண்களுக்கானது, படித்து முடித்துச் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது நிபந்தனை. இந்த ஆண்டு என்ன விதி என்று அவர்கள் அறிவிப்பிலேயே சரிபாருங்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்று. பெரிய சர்வதேச உதவிகள் பெரும்பாலும் மேற்படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும்தான். முதல் மருத்துவப் பட்டத்துக்குக் கிடைப்பது அரிது. உதவித்தொகை கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள்: அங்கே வாங்கும் பட்டத்தை, நீங்கள் வேலை செய்யப்போகும் நாட்டில் மருத்துவர்களைப் பதிவு செய்யும் மருத்துவக் குழுமம் ஏற்குமா? முதலில் அதைப் பார்த்துவிட்டு அப்புறம் விண்ணப்பம் போடுங்கள்.

13. "செலக்ட் ஆயிட்டீங்க, பிராசசிங் ஃபீஸ் கட்டுங்க"ன்னு மெசேஜ் வந்திருக்கு. நம்பலாமா?

நம்பாதீர்கள். விண்ணப்பிக்காத உதவித்தொகைக்கு யாரும் தேர்வாக முடியாது. பணம் தருகிறவர் உங்களிடம் முன்பணமோ, வங்கிக் கடவுச்சொல்லோ, ஓடிபியோ கேட்க மாட்டார். ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? வெட்கப்பட்டு உட்காராமல் அன்றே வங்கியிலும் காவல்துறையிலும் சொல்லுங்கள்.

14. நர்சிங், பிசியோதெரபி படிக்கிறவங்களுக்கு இதெல்லாம் கிடையாதா?

திட்டத்தைப் பொறுத்தது. "மருத்துவத் துறை" என்று போட்டிருந்தால் கேட்டுப் பாருங்கள், பல நேரம் உண்டு என்பார்கள். நர்சிங் படிப்பவர்களில் பெரும்பான்மை பெண்கள் என்பதால் அங்கே உதவித்தொகையில் கை வைத்தால் நேராகப் பெண்களுக்குத்தான் அடி. இங்கிலாந்தில் 2017இல் புதிய நர்சிங் மாணவர்களுக்குப் பர்சரியை நிறுத்திக் கடனுக்கு மாற்றினார்கள். விண்ணப்பங்கள் கணிசமாகக் குறைந்தன. 2020இல் ஆண்டுக்கு 5,000 பவுண்டு, திருப்பிக் கட்டத் தேவையில்லாத தொகையாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

15. ரெண்டு தடவை போட்டேன், கிடைக்கல. விட்டுடவா?

காரணம் கேட்டு எழுதினீர்களா? எல்லாக் குழுவும் பதில் சொல்லாது, சொல்பவர்கள் உண்டு. எங்களிடம் மறுக்கப்படும் விண்ணப்பங்களில் பல, ஒரு காகிதம் குறைந்ததால் போனவை. அப்புறம், பெரிய பெயர்களை மட்டும் துரத்தாதீர்கள். உங்கள் கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கம், மருத்துவர் சங்கங்களின் பெண்கள் பிரிவு போன்ற இடங்களுக்கு விண்ணப்பம் குறைவாகவே வரும். எங்களுக்கே ஓராண்டு மூன்று இடத்துக்கு இரண்டு பேர்தான் விண்ணப்பித்தார்கள்.

16. நான் இப்ப சம்பாதிக்கிறேன். ஒரு பொண்ணுக்கு உதவணும், எப்படி ஆரம்பிக்கிறது?

இந்தக் கேள்வி வந்தால் அன்று முழுக்க எனக்கு மனசு நிறைந்திருக்கும். முதலில் ஒரு கணக்கு: ஐந்து பேருக்கு ஓராண்டு தருவதைவிட, ஒருத்திக்குப் படிப்பு முடியும்வரை தருவது நல்லது. இரண்டாம் ஆண்டில் பணம் நின்றால் முதலாண்டில் தந்தது பாதியில் விட்ட வைத்தியம் மாதிரி ஆகிவிடும். தனியாக முடியாவிட்டால் நான்கு பேர் சேருங்கள். கல்லூரி வழியாகவோ, ஏற்கெனவே இயங்கும் அறக்கட்டளை வழியாகவோ கொடுங்கள். உங்களுக்கு அவள் நேரில் கடன்பட்டவள் போல ஆகாமல் இருப்பது இருவருக்கும் நல்லது.

நிபந்தனை வைக்கத் தயங்காதீர்கள், யாருக்காக என்று யோசித்து வையுங்கள். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி பணமில்லாமல் திறக்க முடியாமல் கிடந்தபோது, மேரி எலிசபெத் காரெட்டும் அவர் தோழிகளும் நிதி திரட்டித் தந்தார்கள். தேவைப்பட்ட 5 லட்சம் டாலரில் 3 லட்சத்துக்கு மேல் காரெட் தந்தது. ஆண்களுக்கு உள்ள அதே தகுதியில் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்பது நிபந்தனை. 1893இல் பள்ளி திறந்தபோது முதல் வகுப்பில் மூன்று பெண்கள் இருந்தார்கள்.

2ஆம் பதிலில் சொன்ன எடித் பீச்சி பிறகு என்ன ஆனார் என்று சிலர் கேட்பதுண்டு. எடின்பரோவில் அவருக்குப் பட்டம் தரவில்லை. வேறு இடத்தில் 1877இல் தகுதி பெற்று, 1883இல் பம்பாய்க்கு வந்து, காமா மருத்துவமனையில் பணியாற்றினார். சிறு வயதில் செய்துவைத்த திருமணத்தை ஏற்க மறுத்து நீதிமன்றத்தில் போராடிய ருக்மாபாய் மருத்துவம் படிக்க விரும்பியபோது, அவருக்கு ஊக்கம் தந்து பணம் திரட்ட உதவியவர்களில் பீச்சியும் ஒருவர். ருக்மாபாய் 1889இல் இங்கிலாந்து போனார். 1894இல் தகுதி பெற்று, மருத்துவராகத் திரும்பிவந்தார்.